ஆக்டிவ் பிக்கப்பா, பாசிவ் பிக்கப்பா? கிட்டாரைத் திறக்கும் முன் முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கிட்டார் வாசிக்கும் இரண்டு பேர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் உட்கார்ந்தால், சோறு வருவதற்குள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) பேச்சு வந்துவிடும். "அண்ணே, மெட்டல் வாசிக்கணும்னா ஆக்டிவ்தான் போடணுமா?" என்று ஒருவர் கேட்பார். "ஆக்டிவ் போட்டா கிட்டாரோட உயிரே போயிடும்" என்று இன்னொருவர் அடித்துச் சொல்வார். இரண்டு பேரும் பாதிதான் சரி.

என் பார்வையில் இது மெட்டலா மெலடியா என்ற கேள்வியே இல்லை. கம்பி அதிர்ந்து பிறக்கும் மிகச் சிறிய மின்சாரம் ஆம்ப் (சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி) போய்ச் சேரும் வரை வால்யூம் குமிழ், டோன் குமிழ், கேபிள், முதல் பெடல் (காலால் மிதித்து ஓசையை மாற்றும் கருவி) என்று வழியில் உள்ள எல்லாமே அதைத் தொட்டுப் பார்க்கின்றன. பாசிவ் பிக்கப்பில் அந்த வழி திறந்தே கிடக்கிறது. எதை மாற்றினாலும் சத்தம் கொஞ்சம் மாறும். ஆக்டிவ் பிக்கப் சத்தத்தைக் கிட்டாருக்குள்ளேயே முடிவு செய்து, பூட்டி அனுப்பிவிடுகிறது. வழி திறந்திருப்பது உங்களுக்கு வசதியா, தொல்லையா? கீழே உள்ள படிகள் எல்லாம் இதற்கு விடை தேடத்தான்.

முதல் படி: உள்ளே என்ன இருக்கிறது

பாசிவ் பிக்கப் என்றால் காந்தம், அதைச் சுற்றி முடியை விட மெல்லிய செம்புக் கம்பி, பல ஆயிரம் சுற்று. அவ்வளவுதான். எஃகுக் கம்பி காந்தப்புலத்தில் ஆடும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஒரே சுருள் இருந்தால் சிங்கிள் காயில். அது கிட்டார் சத்தத்தோடு சேர்த்துச் சுற்றியுள்ள மின்சார இரைச்சலையும் பிடிக்கும். மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அந்த 'உம்ம்' 50இலும் அதன் மடங்கான 100இலும் வரும். இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றி, காந்தத்தையும் எதிர்த்திசையில் வைத்தால், கம்பியின் சத்தம் கூடும், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதுதான் ஹம்பக்கர். கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் 1955இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

ஆக்டிவ் பிக்கப்பிலும் காந்தம் உண்டு, சுருள் உண்டு. 'ஆக்டிவில் காந்தமே கிடையாது, பேட்டரிதான் சத்தம் தருது' என்று சொல்பவர்களை இன்னும் பார்க்கிறேன். பேட்டரி அந்த வேலையைச் செய்வதில்லை. ஆக்டிவில் சுருளின் சுற்றுகள் பொதுவாகக் குறைவு, அதனால் அது தரும் சிக்னலும் சிறியது. பிக்கப்பின் மூடிக்குள்ளேயே ஒரு குட்டி பிரீஆம்ப் உட்கார்ந்து அந்தச் சிக்னலைப் பெரிதாக்கி, ஓசையைச் சீர்படுத்தி, வலுவாக வெளியே தள்ளுகிறது. 9 வோல்ட் பேட்டரி அந்தப் பிரீஆம்புக்கு மட்டும்தான். ராப் டர்னர் 1976இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய இ.எம்.ஜி நிறுவனம்தான் இந்த முறையைப் பிரபலமாக்கியது. 2014இல் வந்த ஃபிஷ்மன் ஃப்ளூயன்ஸ் வேறு பாதையில் போனது. கம்பி சுற்றுவதற்குப் பதிலாக, சர்க்யூட் போர்டில் அச்சிட்ட சுருள்களை அடுக்கடுக்காக வைத்தார்கள். ஒரே பிக்கப்பில் இரண்டு குரல்கள், அதாவது இரண்டு வித ஓசைகள் கிடைத்தன.

ஆக்டிவ் பிக்கப் வேறு, ஆக்டிவ் சர்க்யூட் வேறு. பேஸ் கிட்டார்களில் பல, பாசிவ் பிக்கப்பை வைத்துக்கொண்டு அதன் பின்னால் பிரீஆம்ப் வைத்தவை. 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே அப்படித்தான். ஆகவே பேட்டரிப் பெட்டி தெரிந்தால் மட்டும் பிக்கப் ஆக்டிவ் என்று முடிவு கட்டாதீர்கள்.

இரண்டாம் படி: உங்களிடம் இருப்பது எது

மூடிய கறுப்பு முகம், மேலே இ.எம்.ஜி எழுத்து. இதைப் பார்த்ததும் ஆக்டிவ் என்று நினைப்பது வழக்கம். ஆனால் இ.எம்.ஜி-யே 'எச்இசட்' என்ற பெயரில் பாசிவ் பிக்கப்களும் செய்கிறது. நடுத்தர விலைக் கிட்டார்களில் அவை நிறைய வருகின்றன. பழைய கிட்டார் விற்பவர்கள் தெரிந்தோ தெரியாமலோ 'ஆக்டிவ்' என்று எழுதிவிடுவார்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். பின்மூடியைத் திறந்து பேட்டரி இருக்கிறதா பாருங்கள். ஜாக்கில் (கேபிள் செருகும் துளை) இரண்டு முனைக்குப் பதில் மூன்று முனை இருக்கிறதா பாருங்கள். பாட்களின் (குமிழ்களுக்குக் கீழே உள்ள மாறும் மின்தடைகள்) அடியில் 25 கிலோ ஓம் என்று இருந்தால் ஆக்டிவ். 250 அல்லது 500 என்றால் பெரும்பாலும் பாசிவ். சந்தேகம் தீரவில்லையா? பேட்டரியைக் கழற்றிவிட்டு வாசியுங்கள். சத்தம் மாறாமல் வந்தால் பாசிவ்தான்.

மூன்றாம் படி: குறை பிக்கப்பில்தானா?

காசைக் காப்பாற்றும் படி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஆக்டிவுக்கு மாற நினைப்பவர்களில் பலருக்குத் தேவை புது கம்பியும், அரை மணி நேர ஸ்க்ரூடிரைவர் வேலையும்தான்.

முதலில் இரைச்சல். ஆம்பைக் கிளீன் சேனலில் வைத்து, கிட்டார் வால்யூமை முழுக்கத் திறந்து, கம்பியைத் தொடாமல் நில்லுங்கள். இப்போது கிட்டாரின் வால்யூமை மூடுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் பிக்கப்பைக் குறை சொல்லாதீர்கள். கேபிள், பெடல்களுக்கு மின்சாரம் தரும் அடாப்டர், ஆம்ப், இவற்றில் ஏதோ ஒன்று. ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலி போல ஐந்தாறு பெடலுக்கு மின்சாரம் எடுப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

வால்யூம் திறந்திருக்கும்போது மட்டும் இரைச்சல் வந்தால், கம்பியில் கை வையுங்கள். கை வைத்ததும் சட்டென்று அடங்கினால் அது ஷீல்டிங் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) குறை. கிட்டாரின் உள்குழிகளில் செம்பு டேப் ஒட்டி எர்த்தோடு இணைத்தாலே பெருமளவு தீரும். கை வைத்தும் அடங்காமல், நாற்காலியோடு நீங்கள் சுற்றும்போது ஒரு பக்கம் கூடி, ஒரு பக்கம் குறைந்தால் அது காந்தப்புலத்தால் வரும் 'உம்ம்'. பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், அல்லது வேறு மின்சாதனம். இதற்குச் செம்பு டேப் உதவாது. ஹம்பக்கரோ, இரைச்சல் நீக்கிய சிங்கிள் காயிலோ, ஆக்டிவோ தேவை. கை வைத்ததும் இரைச்சல் கூடினால் வயரிங்கில் எங்கோ எர்த் சரியில்லை, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது உயரம். கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, கம்பியின் அடியிலிருந்து பிக்கப்பின் காந்த முனை வரை அளவெடுங்கள். ஹம்பக்கரானால் பிரிட்ஜ் பக்கம் 1.6 மில்லிமீட்டர், நெக் பக்கம் 2.4 நல்ல தொடக்கம். ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகைச் சிங்கிள் காயிலுக்குத் தடித்த கம்பிப் பக்கம் 2, மெல்லிய கம்பிப் பக்கம் 1.6. அங்கிருந்து கால் திருப்பு, கால் திருப்பாக மாற்றிக் கேளுங்கள். சிங்கிள் காயிலை மிக நெருக்கமாகத் தூக்கினால் காந்தம் கம்பியையே இழுக்கும். தடித்த கம்பியில் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேலே போகும்போது சுருதி இரண்டாகப் பிரிந்து அலைவது போல ஒரு சத்தம் வரும். 'இந்தக் கிட்டார் சுருதியே நிக்காது' என்று பழி சுமந்த எத்தனையோ கிட்டார்களுக்கு அதுதான் நோய்.

அப்புறம் நம் ஊர் ஈரப்பதம். கோலாலம்பூரோ பினாங்கோ, வருடம் முழுக்கக் காற்றில் ஈரம்தான். பாட்களும் ஜாக்கும் களிம்பேறி கரகரக்கும், மேல் ஓசை மங்கும். காண்டாக்ட் கிளீனர் ஒரு டப்பா வாங்கி, குமிழுக்கு உள்ளே இரண்டு சொட்டு அடித்து, இருபது முப்பது தடவை திருப்புங்கள். எலக்ட்ரானிக் சாமான்களுக்குப் புடுவில் உள்ள ஜாலான் பாசார் கடைவீதிக்குப் போனால், மல்டிமீட்டர், சோல்டர், ஜாக் எல்லாம் ஒரே நடையில் முடியும்.

இவ்வளவும் செய்த பிறகும் மனம் கேட்கவில்லை என்றால், அடுத்த படி.

நான்காம் படி: எங்கே, எதில் செருகி வாசிக்கிறீர்கள்

பாசிவ் பிக்கப்பின் சுருளுக்கு இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) அதிகம், கேபிளுக்குக் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் தன்மை) உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒரு மேட்டை உண்டாக்கி, அதற்கு மேலே உள்ள ஓசையை வெட்டிவிடும். ஒரு நடுத்தர ஹம்பக்கரை 4.5 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். கேபிள் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட், சுருளின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் இன்னொரு 100. மூன்று மீட்டர் கேபிளில் அந்த மேடு சுமார் 3,750 ஹெர்ட்ஸில் இருக்கும். ஆறு மீட்டர் கேபிள் போட்டால் சுமார் 2,800க்கு இறங்கிவிடும். அதாவது வீட்டில் குட்டி கேபிளில் பளிச்சென்று கேட்ட கிட்டார், மண்டப மேடையில் நீள கேபிளில் போர்வை போர்த்தியது போல ஒலிக்கும். ஆம்பைத் திருகித் திருகிப் பார்ப்போம். குற்றவாளி காலடியில் சுருண்டு கிடக்கும்.

ஆக்டிவில் இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை. உதாரணத்துக்கு இ.எம்.ஜி 81இன் வெளியீட்டு இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு உள்ள மின்தடை) சுமார் 10 கிலோ ஓம்தான். நீள கேபிள் அதை அசைக்காது.

ஆனால் இதற்காக மட்டும் ஆக்டிவ் வாங்க வேண்டாம். கிட்டாரிலிருந்து மூன்று மீட்டர் கேபிள், அதன் முனையில் பஃபர் (சிக்னலுக்கு வலுக்கொடுத்து அனுப்பும் சர்க்யூட்) உள்ள ஒரு பெடல், அதன் பிறகு எத்தனை மீட்டர் வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம். போஸ் டியூனர் டியு-3 போன்ற பெடலில், அணைத்து வைத்திருந்தாலும் பஃபர் வேலை செய்யும். உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தால், கேபிள் பிரச்சினை அன்றே தீர்ந்தது. வயர்லெஸ் கருவியும் இதே வேலையைச் செய்துவிடும், கிட்டாரிலிருந்து அதற்குப் போகும் வயர் ஒரு சாண்தானே.

இரைச்சலுக்கு இவ்வளவு சுலபமான வழி இல்லை. செந்தூல் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்இடி சுவர், மேலே டிம்மர் போட்ட விளக்குகள், பக்கத்தில் புகை இயந்திரம், எல்லாம் ஒரே மின்சாரப் பாதையில். சிங்கிள் காயில் கிட்டாரோடு அந்த மேடையில் ஏறினால், பாட்டுக்குப் பாட்டு நடுவே உள்ள மௌனத்தில் உங்கள் ஆம்ப்தான் பேசும். மணமக்களை வாழ்த்த யாராவது மைக் பிடித்தால் பின்னணி இசை அந்த 'உம்ம்'தான். இப்படிப்பட்ட மேடைகளே உங்கள் பிழைப்பு என்றால், ஆக்டிவின் பெரிய லாபம் இங்கேதான். அதன் உள்ளே சுருள்களும் இரைச்சலை அடித்துக்கொள்ளும்படி இருக்கும், ஷீல்டிங்கும் முழுமையாக இருக்கும். பாசிவ் ஹம்பக்கரும் காந்த 'உம்ம்'மைத் தாங்கும், ஆனால் கிட்டாருக்குள் ஷீல்டிங் மோசமாக இருந்தால் டிம்மர் விளக்கின் கிர்ர்ர் நுழைந்துவிடும்.

எர்த் விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும். பாசிவ் கிட்டாரில் பிரிட்ஜிலிருந்து ஒரு வயர் எர்த்துக்குப் போகும், அதாவது நீங்கள் கம்பியைத் தொடும்போதெல்லாம் ஆம்பின் எர்த்தைத் தொடுகிறீர்கள். கோயில் திருவிழாவில் ஜெனரேட்டர் மேடை, எர்த் சரியாக இல்லை, பாட மைக்கில் வாயை வைத்ததும் உதட்டில் சுரீர். இது பலருக்கும் பழக்கமான அனுபவம்தான், ஆனால் விளையாட்டில்லை. இ.எம்.ஜி தன் பிக்கப்களுக்கு அந்தப் பிரிட்ஜ் வயர் தேவையில்லை, இணைக்க வேண்டாம் என்றே சொல்கிறது. அதனால் கம்பி வழி அதிர்ச்சிக்கான பாதை ஒன்று குறைகிறது. அதற்காக மேடையின் எர்த் குறையை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. சவுண்ட்காரரைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் மூன்று முனை பிளக்கின் எர்த்தைத் துண்டிக்காதீர்கள்.

வீட்டில், கொண்டோ அறையில், ஹெட்ஃபோனில் வாசிப்பவர்களுக்கு நிலைமை வேறு. மடிக்கணினியும் அதன் சார்ஜரும் கிட்டாருக்கு ஒரு முழம் தள்ளி இருக்கும், இரைச்சல் வரும். ஆக்டிவ் உதவும். ஆனால் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாலும் உதவும். ஆக்டிவை ஆடியோ இண்டர்ஃபேஸில் செருகினால் ஓங்கி அடிக்கும்போது சிவப்பு விளக்கு எரியலாம். கெயினைக் குறைத்தும் எரிந்தால், பிக்கப்பைக் கொஞ்சம் இறக்குங்கள்.

ஐந்தாம் படி: உங்கள் வலது கை, உங்கள் வால்யூம் குமிழ்

பாசிவில் மெதுவாகத் தட்டினால் ஒரு குரல், ஓங்கி அடித்தால் இன்னொரு குரல். கிட்டார் வால்யூமைப் பத்திலிருந்து ஆறுக்கு இறக்கினால் டிஸ்டார்ஷன் விலகி, கொஞ்சம் இருண்ட கிளீன் வரும். பாட்டின் நடுவே பெடலைத் தொடாமல், சுண்டுவிரலால் குமிழைத் திருப்பியே ரிதமிலிருந்து சோலோவுக்குப் போகிறவர்கள் இதை வைத்துத்தான் வாசிக்கிறார்கள். ஆக்டிவிலும் வால்யூம் குறைக்கலாம், ஓசையின் நிறம் மாறாமல் அளவு மட்டும் குறையும். சிலருக்கு அது வரம், சிலருக்கு அலுப்பு.

ஆக்டிவில் ஒவ்வொரு சுரமும் ஒரே சீராக, தெளிவாக, விளிம்பு வெட்டினாற்போல வரும். ஏழு கம்பிக் கிட்டாரில், தாழ்ந்த சுருதியில், கனமான டிஸ்டார்ஷனில் வேகமாக வாசிக்கும்போது அந்தச் சீர்தான் காப்பாற்றும். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் கிர்க் ஹாமெட்டும் இ.எம்.ஜி-யோடு சேர்த்தே நினைவுக்கு வருவது அதனால்தான். ஆனால் பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மர் பல ஆண்டுகள் வாசித்த சிவப்பு ஸ்ட்ராட்டிலும் இ.எம்.ஜி எஸ்ஏ ஆக்டிவ் பிக்கப்கள்தான். அவருடைய நீண்ட, உருகும் சோலோக்களைக் கேட்டு 'உயிரில்லை' என்று யாரும் சொன்னதில்லை. ஆக்டிவ் என்றால் மெட்டல் என்ற சூத்திரம் அங்கேயே உடைந்துவிடுகிறது.

நம் இன்னிசைக் குழுக்களில் வாசிப்பவர்களுக்கு வேறொரு தேவை. எண்பதுகளின் திரைப்பாடல்களில் கிட்டார் பெரும்பாலும் கிளீன்: ஒவ்வொரு கம்பியாகத் தட்டும் ஆர்பெஜியோ, பல்லவிக்குப் பின்னால் மெல்லிய ஸ்ட்ரம். அடுத்த பாட்டு குத்து, அதற்கடுத்தது ராக் சோலோ. இப்படி மாறி மாறி வாசிப்பவருக்குக் கையின் கனத்துக்கு ஏற்ப நிறம் மாறும் பாசிவ்தான் சௌகரியம் என்பேன், பிரிட்ஜில் ஒரு ஹம்பக்கர், மற்ற இரண்டும் இரைச்சல் நீக்கிய சிங்கிள் காயில். ஹம்பக்கரைப் பாதியாகப் பிரித்து ஒரு சுருளை மட்டும் எடுக்கும் வசதியும் நான்கு வயர் உள்ள பாசிவில் சுலபம். இ.எம்.ஜி 81இல் அது முடியாது, 89இல் முடியும். கமகம் போட்டு வாசிப்பவர்கள் இரண்டையும் கேட்டுப் பார்ப்பது நல்லது. ஒரே தட்டலில் சுரத்தை நீட்டி இழுக்கும்போது ஆக்டிவின் சீரான தொடர்ச்சி பிடித்துப்போகலாம்.

ஃபஸ் (ஓசையைக் கரகரவென்று உடைக்கும்) பெடல் வைத்திருக்கிறீர்களா? 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் போன்ற பழைய வகை ஃபஸ்கள், பாசிவ் பிக்கப்பின் சுருளையே தங்கள் சர்க்யூட்டின் பாகமாக எடுத்துக்கொள்கின்றன. கிட்டார் வால்யூமைக் குறைத்தால் அழகாகத் தெளிவது அதனால்தான். ஆக்டிவை முன்னால் வைத்தால் சீறும், மெலியும், குமிழுக்குச் செவிசாய்க்காது. அந்த ஓசைதான் உங்கள் அடையாளம் என்றால் மேலே படிக்கவே வேண்டாம், பாசிவில் இருங்கள்.

ஆறாம் படி: காதால் முடிவெடுங்கள்

மணிக்கணக்கில் வீடியோ பார்த்துப் பிக்கப் வாங்காதீர்கள். இரண்டு கிட்டாரையும் ஒரே ஜாமிங் ஸ்டூடியோவில், ஒரே ஆம்பில், ஒரே கேபிளில் கேளுங்கள். முதலில் கிளீன், பிறகுதான் டிஸ்டார்ஷன். டிஸ்டார்ஷன் எல்லாக் கிட்டாரையும் அண்ணன் தம்பி ஆக்கிவிடும்.

மிக முக்கியம், இரண்டின் சத்த அளவையும் சமமாக்குங்கள். எது கொஞ்சம் உரக்கக் கேட்கிறதோ அதுதான் நல்லது என்று காது நம்பிவிடும். ஆக்டிவ் வாங்கிய பலருக்குக் கிடைத்த முதல் நாள் சந்தோஷத்தில் பாதி அதுதான். 'ஆக்டிவ் என்றால் அவுட்புட் அதிகம்' என்பதும் பொது விதி இல்லை. செய்மர் டங்கன் ஜேபி போன்ற சூடான பாசிவ் பிக்கப்கள் ஆம்பை நன்றாகவே தள்ளும். ஜேபியின் டிசி ரெசிஸ்டன்ஸ் 16 கிலோ ஓமுக்கு மேல், பழைய பாணி ஹம்பக்கர்களில் அது எட்டைச் சுற்றித்தான். ஆனால் அந்த எண்ணை வைத்தும் முழுத் தீர்ப்பு எழுத முடியாது. வேறு தடிமன் செம்புக் கம்பி சுற்றினால் எண் மாறும், காந்தம் மாறினால் ஓசை மாறும். ஆக்டிவில் மல்டிமீட்டரை வைத்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை, பிரீஆம்பைத்தான் அளக்கிறீர்கள்.

கைப்பேசியில் பதிவு செய்து வீட்டில் போய்க் கேளுங்கள். எது எது என்று தெரியாதபடி நண்பரைப் போடச் சொல்லிக் கேட்டால் இன்னும் நல்லது.

ஏழாம் படி: முடிவு

ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) கிட்டாருக்கு எதையும் போடாதீர்கள். நல்ல ஆக்டிவ் செட் ஒன்றின் விலை அந்தக் கிட்டாரையே தாண்டும். காசைச் சேர்த்து அடுத்த கிட்டார் வாங்குங்கள்.

தாழ்ந்த சுருதி, கனமான ரிதம், அல்லது இரைச்சல் மிகுந்த மேடைகளே வாழ்க்கை என்றால் ஆக்டிவ். குமிழைத் திருப்பி நிறம் மாற்றுபவர், புளூஸ், ஃபஸ், பழைய ஆம்ப் பிரியர் என்றால் பாசிவ். ஒரே கிட்டார்தான், ஆனால் எல்லாம் வாசிக்க வேண்டும் என்றால் ஃப்ளூயன்ஸ் மாதிரி இரண்டு குரல் ஆக்டிவைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு கிட்டார் வைத்திருப்பவர் ஒன்றில் ஒன்று போட்டு நிம்மதியாக இருக்கலாம்.

ஒரே கிட்டாரில் ஒன்று ஆக்டிவ், ஒன்று பாசிவ் என்று கலப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாசிவை 25 கிலோ ஓம் பாட்-இல் இணைத்தால் ட்ரெபிள் செத்துவிடும். ஆக்டிவை 500இல் இணைத்தால் வால்யூம் குமிழ் படிப்படியாக இறங்காமல் விளக்கு ஸ்விட்ச் போல நடந்துகொள்ளும். இரண்டையும் சேர்த்துப் போடும்போது ஆக்டிவ் மற்றதை அமுக்கிவிடும். வழி இருக்கிறது, ஆனால் அந்த உழைப்புக்குப் பலன் குறைவு.

எட்டாம் படி: மாட்டுவது

வாங்கும் முன் அளவெடுங்கள். ஆக்டிவ் பிக்கப் சில கிட்டார்களின் குழிக்கு ஆழமாக இருக்கும். பேட்டரிக்கும் இடம் வேண்டும். ஸ்ட்ராட்டின் பிக்கார்டுக்குக் கீழே அகலக் குழி இருந்தால் பேட்டரி அங்கேயே அடங்கிவிடும், ஆனால் மாற்றும் ஒவ்வொரு முறையும் கம்பியைத் தளர்த்தி மூடியைக் கழற்ற வேண்டும். லெஸ் பால் வகையில் பின்குழியில் பஞ்சு சுற்றி வைக்கலாம். மரத்தைக் குடைந்து பேட்டரிப் பெட்டி வைப்பது என்றால், நல்ல லூதியரிடம் (கிட்டார் செய்பவர்) கொடுங்கள், வீட்டு டிரில்லால் வேண்டாம்.

பழைய வயரிங்கைக் கழற்றும் முன் நான்கு கோணத்தில் படம் எடுங்கள். புது பாட்களும் மூன்று முனை ஜாக்கும் பெட்டியிலேயே வரும், அவற்றையே போடுங்கள். பேட்டரியின் சிவப்பு வயர் பிக்கப்களின் சிவப்பு வயரோடு சேரும். கறுப்பு வயர் ஜாக்கின் நடு வளையத்துக்குப் போகும். சாதாரண மோனோ கேபிளைச் செருகியதும் அந்த வளையமும் எர்த்தும் ஒன்றாகி, பேட்டரி உயிர் பெறும். ஸ்விட்ச் வேறு தனியாக இல்லை, கேபிள்தான் ஸ்விட்ச். இந்த வளையத்தைத் தப்பாக இணைத்தால் பேட்டரி எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், அல்லது ஓடவே ஓடாது. இ.எம்.ஜி-யில் சோல்டர் தேவையில்லாத இணைப்பிகள் வருவதால், முதல்முறை செய்பவரும் ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

ஒன்பதாம் படி: பேட்டரியோடு குடும்பம் நடத்துவது

பயப்படும் அளவுக்கு இல்லை. இ.எம்.ஜி 81 ஒன்று எடுக்கும் மின்சாரம் வெறும் 80 மைக்ரோஆம்ப். இரண்டு பிக்கப்புக்கும் சேர்த்து ஒரு நல்ல அல்கலைன் 9 வோல்ட் பேட்டரி ஆயிரம் மணி நேரத்தைத் தாராளமாகத் தாண்டும். ஃப்ளூயன்ஸ் அதைவிடப் பல மடங்கு அதிகம் குடிக்கும், அதனால்தான் யுஎஸ்பி-யில் சார்ஜ் செய்யும் பேட்டரியும் தனியாக விற்கிறார்கள்.

வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றுங்கள். ஸ்டாண்டில் கேபிளோடு நிற்கும் ஆக்டிவ் கிட்டார் இரவெல்லாம் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். பேட்டரி இறங்கும்போது திடீரென்று நிற்காது. ஓங்கி அடிக்கும் சுரங்கள் உடைந்து, ஓசை மெலிந்து, அப்புறம்தான் அடங்கும். மல்டிமீட்டரில் 7 வோல்ட்டை நெருங்கினால் மாற்றிவிடுங்கள். மேடைக்குப் போகும் பையில் ஒன்று எப்போதும் இருக்கட்டும். மிஸ்டர் டிஐஒய் சாமான் கடை மூடிய பிறகு, இரவு பதினோரு மணிக்கு 9 வோல்ட் தேடி அலைவது நல்ல அனுபவமில்லை.

சார்ஜ் செய்யும் 9 வோல்ட் பேட்டரிகளில் பல, உண்மையில் 8.4 வோல்ட்தான். ஓடும், ஆனால் ஓங்கி அடிப்பவர்களுக்கு இடம் குறையும். சிலர் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 18 வோல்ட் கொடுக்கிறார்கள். ஓசை கொஞ்சம் திறந்து, கையின் கனம் கூடுதலாகத் தெரியும். செய்யும் முன் உங்கள் பிக்கப் தாங்குமா என்று அதன் குறிப்பில் பாருங்கள், இ.எம்.ஜி 27 வோல்ட் வரை தாங்கும்.

மாதக்கணக்கில் வாசிக்கப் போவதில்லை என்றால் பேட்டரியை எடுத்துவிடுங்கள். நம் வெக்கையில், அதுவும் கார் பூட்டில் கிடந்தால், பேட்டரி கசிந்து குழியையே அரித்துவிடும்.

கடைசிப் படி: போலியும் பழையதும்

இணையச் சந்தையில் பாதி விலைக்குப் 'புத்தம் புது' இ.எம்.ஜி பார்த்தால் ஒதுங்குங்கள். இந்தப் பிக்கப்புக்குப் போலிகள் நிறைய. எழுத்தின் அச்சு, பெட்டிக்குள் வரும் பாட், ஜாக், வயர்கள், விற்பவரின் பழைய விற்பனை, எல்லாவற்றையும் பாருங்கள். அதிகாரபூர்வ விநியோகஸ்தரின் கடையில் நூறு வெள்ளி கூடக் கொடுத்தாலும் பில்லும் உத்தரவாதமும் கிடைக்கும்.

பழைய ஆக்டிவ் கிட்டார் வாங்கும்போது உங்கள் பேட்டரியை நீங்களே கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். 'பேட்டரி இல்ல தம்பி, போட்டா ஓடும்' என்ற பேச்சை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். மூடியைத் திறந்து வெள்ளையாகவோ பச்சையாகவோ கசிவு படிந்திருக்கிறதா, பேட்டரி கிளிப் துருவேறியிருக்கிறதா பாருங்கள். ஜாக்கில் கேபிளை மெதுவாக அசைத்து, சத்தம் விட்டு விட்டு வருகிறதா கேளுங்கள். மூன்று முனை ஜாக் தளர்ந்திருந்தால் சத்தம் மட்டுமல்ல, பேட்டரியும் துண்டிக்கும். ஜாக்கை மாற்ற அதிகம் ஆகாது, ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல காரணம்.

பிக்கப் மாற்றியவர்கள் கழற்றியதைத் தூக்கிப் போட வேண்டாம். பாட், ஜாக், வயர், ஸ்க்ரூ, ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, எந்தக் கிட்டாரிலிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். கிட்டாரை விற்கும் நாளில், பழைய பிக்கப்பை மாட்டிக் கொடுத்துவிட்டு ஆக்டிவ் செட்டைத் தனியாக விற்றால் கைக்கு வரும் தொகை பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.